எண்ணெய்ப் பிடிகலன்

எண்ணெய்ப் பிடிகலன் என்பது உள் எரி பொறியின் கிராங்க் அறையில் இருந்து வெளியேறும் வளிமங்களில் கலந்துள்ள எண்ணெய்த் துளிகளையும் ஈரத்தையும், அவை பொறியின் உள்ளெடுப்புக் குழாய்களைச் சென்றடையும் முன்னரே, பிரித்துத் தேக்கிவைக்கும் சிறு கலன் ஆகும். பட்டறைகளிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் இது கேட்ச் கேன் என்றே வழங்குகின்றது. பந்தயத் தானுந்துகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் இக்கலன், நேரடி எரிபொருள் உட்செலுத்தல் பரவலான பின்னர், ஐக்கிய அமெரிக்காவில் அன்றாடம் ஓட்டப்படும் பிக்கப் வண்டிகளிலும் உரிமையாளர்களால் தனியாக வாங்கிப் பொருத்தப்படுகின்றது. ஆலையில் இருந்து வரும் வண்டிகளில், உரிமையாளர் தம் கையால் வடிக்கவேண்டிய இத்தகைய கலன் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே அதனைப் பொருத்துவதால் உண்மையில் பயன் உண்டா என்னும் கேள்வி பலருக்கும் எழுகின்றது. இதற்கான விடை வண்டியின் பெயரைவிட, எரிபொருள் செலுத்தும் முறை, பயணத்தின் நீளம், ஊரின் குளிர், கலனை வடிக்கும் பழக்கம் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது.

அமெரிக்க வழக்கில் டிரக் என்னும் சொல் பெரும்பாலும் பின்புறம் திறந்த தட்டுடைய பிக்கப் வண்டியைக் குறிக்கும்; தமிழ்நாட்டில் லாரி எனப்படும் பெரிய சரக்கு வண்டியை அன்று. அங்கு இது சுமை ஏற்றுவதற்கு மட்டுமன்றி, அலுவலகம் செல்வதற்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் பயன்படும் குடும்ப வண்டியாகவும் உள்ளது. இக்கட்டுரையில் பிக்கப் என்பது அவ்வகை வண்டியையே குறிக்கின்றது.

கசிவளி

சிலிண்டரினுள் எரிபொருள் எரியும்போது தோன்றும் உயரழுத்த வளிமங்கள் பிஸ்டனைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் இவ்வளிமங்களைத் தடுப்பதற்கென்றே அமைந்தவை. எனினும் புதிய பொறியில் கூட அவை முழுமையாக அடைப்பதில்லை. வளையத்தின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளி வழியாகவும், வளையம் அமரும் பள்ளத்தின் ஓரமாகவும் வளிமங்களின் ஒரு சிறு பகுதி கீழே கிராங்க் அறைக்குள் கசிகின்றது. இதனைக் கசிவளி எனலாம்.

கசிவளியில் எரிந்து முடிந்த வளிமங்கள், எரியாத பெட்ரோல் ஆவி, நைதரசன் ஒட்சைடுகள், நீராவி ஆகியவை அடங்கும். நீராவியின் அளவு பலர் எண்ணுவதைவிட மிகுதி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 0.9 லிட்டர் நீர் உண்டாகும். அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக ஆவியாக வெளியேறிவிடுவதால் கண்ணில் படுவதில்லை. கிராங்க் அறையில் சுழலும் தண்டும் தெறிக்கும் எண்ணெயும் இக்கசிவளியோடு நுண்ணிய எண்ணெய்த் துளிகளைக் கலந்துவிடுகின்றன. சூடான எண்ணெயில் இருந்து எழும் ஆவியும் உடன் சேர்கின்றது.

இவ்வளிமம் வெளியேற வழி இல்லாவிடில் கிராங்க் அறையில் அழுத்தம் பெருகி, எண்ணெய் அடைப்பான்கள் வழியே எண்ணெய் பீறிடும். வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் நீரும் அமிலங்களும் எண்ணெயைக் கெடுத்துச் சேறாக்கிவிடும். எனவே கிராங்க் அறைக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது.

திறந்த குழாயில் இருந்து மூடிய சுற்றுக்கு

1960களுக்கு முந்திய பெரும்பாலான தானுந்துகளில் கிராங்க் அறையில் இருந்து ஒரு குழாய் வண்டியின் அடிப்பக்கம் நோக்கி நீட்டப்பட்டிருந்தது. வண்டி ஓடும்போது குழாயின் வாயைக் கடந்து செல்லும் காற்று கசிவளியை இழுத்து வெளியே விட்டது. பழைய நெடுஞ்சாலைகளின் ஒவ்வொரு தடத்திற்கும் நடுவே கரிய எண்ணெய்க் கோடு படிந்திருந்தமைக்கு இதுவே ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது ஆழமான நீரைக் கடக்க வேண்டிய பீரங்கி வண்டிகளில் இக்குழாயைத் திறந்து வைக்க இயலாமையால், கசிவளியைப் பொறியே உறிஞ்சிக்கொள்ளும் மூடிய ஏற்பாடு கையாளப்பட்டது.

பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைப்பனிக்குக் காரணம் தேடிய ஆய்வுகள், தானுந்துகளில் இருந்து வெளியேறும் ஐதரோகாபன்களில் கணிசமான பங்கு புகைபோக்கியில் இருந்து அன்றி, இந்தக் கிராங்க் அறைக் குழாயில் இருந்தே வருகின்றது எனக் காட்டின. அதன் விளைவாக 1961 மாதிரி ஆண்டில் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய தானுந்துகளிலும், 1963 மாதிரி ஆண்டு முதல் நாடெங்கும் விற்கப்பட்ட அமெரிக்கத் தானுந்துகளிலும் பி.சி.வி. எனச் சுருக்கமாக வழங்கும் மூடிய கிராங்க் அறைக் காற்றோட்டம் இடம்பெற்றது. இன்றைய பெட்ரோல் பொறிகள் அனைத்திலும் இதன் ஏதேனும் ஒரு வடிவம் உண்டு.

இதன் இயக்கம் எளியது. காற்று வடிகட்டியைக் கடந்த தூய காற்று ஒரு குழாய் வழியாகக் கிராங்க் அறைக்குள் செல்கின்றது. மறுபுறம், திராட்டிலுக்குப் பின்னுள்ள உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதியின் வெற்றிடம், பி.சி.வி. வால்வு வழியாகக் கசிவளியை உறிஞ்சுகின்றது. பொறி வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்போது வெற்றிடம் மிகுதி, கசிவளியோ குறைவு. அந்நிலையில் வால்வு தன் வழியை ஒடுக்கிக்கொள்கின்றது. சீரான வேகத்தில் ஓடும்போது வழி விரிகின்றது. முழு மிதியில் வெற்றிடம் ஏறத்தாழ மறைந்துவிடுவதால், கசிவளியின் ஒரு பகுதி தூய காற்று வரும் குழாயின் வழியே எதிர்த்திசையில் ஓடித் திராட்டிலின் முன்பக்கம் சேர்கின்றது. இந்தத் திசைமாற்றம் கலனை எங்கே பொருத்துவது என்பதில் முக்கியமானது.

படிவு எங்கே தோன்றுகின்றது

பி.சி.வி. அமைப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய் கலந்த காற்றைப் பொறிக்கு ஊட்டிக்கொண்டே இருந்தது. ஆயினும் அன்றாட வண்டி ஓட்டுநர் எவரும் அதைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. கார்புரேட்டர் காலத்திலும், அதன்பின் வந்த வாயில்வழி உட்செலுத்தல் காலத்திலும் பெட்ரோல் உள்ளெடுப்பு வால்வின் முதுகைக் கடந்தே சிலிண்டருக்குள் சென்றது. பெட்ரோலிலும் அதில் சேர்க்கப்படும் தூய்மையாக்கும் வேதிப்பொருளிலும் வால்வு ஓயாது கழுவப்பட்டது. எண்ணெய் வந்தாலும் ஒட்டி நிலைக்க வாய்ப்புக் குறைவு.

நேரடி உட்செலுத்தலில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகின்றது. எரிபொருள் சிக்கனமும் ஆற்றலும் கூடுகின்றன. ஆனால் உள்ளெடுப்பு வால்வின் மேல் ஒரு துளிப் பெட்ரோலும் படுவதில்லை. காற்றும் அதனோடு வரும் எண்ணெயுமே படுகின்றன. வெப்பம் மிகுந்த வால்வின் முதுகில் எண்ணெய் காய்ந்து, அடுக்கடுக்காகக் கரிப் படிவாகின்றது. தரமான பெட்ரோல் ஊற்றுவதால் இப்படிவு குறையாது, ஏனெனில் அப்பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. இதனை அறியாமல் விலை கூடிய பெட்ரோல் வாங்குவோர் பலர்.

படிவு பெருகினால் காற்றின் ஓட்டம் தடைப்படும். குளிர்ந்த பொறியைக் கிளப்பும்போது குலுங்குதல், சிலிண்டர் எரியத் தவறுதல், ஆற்றல் குறைதல் ஆகியவை அறிகுறிகள். இதனை நீக்க உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதியைக் கழற்றி, வால்வு மூடிய நிலையில், பொடித்த வாதுமை வகைக் கொட்டை ஓட்டை அழுத்தக் காற்றால் வீசி, உடனுக்குடன் உறிஞ்சி எடுக்கின்றனர். அக்ரூட் ஓடு உலோகத்தைக் கீறாத அளவு மென்மையும் கரியைப் பெயர்க்கும் அளவு கடினமும் உடையது. அமெரிக்காவில் இதற்குச் சில நூறு டாலர்கள் செலவாகும். பிடிகலனின் விலையும் நூறு டாலரில் இருந்து சில நூறு டாலர் வரை உள்ளது. ஆகவே பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

வால்வில் படியும் கரிக்கு எண்ணெய் வரும் வழி பி.சி.வி. மட்டும் அன்று. வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பானைக் கடந்து சொட்டும் எண்ணெயும், உள்ளெடுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் கணத்தில் பின்னோக்கி வரும் எரிந்த வளிமமும் இதில் பங்கு கொள்கின்றன. இவ்விரண்டும் பிடிகலனின் வழியே செல்வதில்லை. எனவே கலன் பொருத்திய பொறியில் படிவே தோன்றாது என்பது சரியன்று. தோன்றும் விரைவு குறையலாம் என்பதே பொருந்தும்.

கலனின் இயக்கம்

பிடிகலன் பொதுவாக அலுமினியத்தால் ஆன, சில நூறு மில்லிலிட்டர் கொள்ளளவுடைய உருளை. பி.சி.வி. வால்வுக்கும் உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதிக்கும் இடையிலுள்ள குழாயை வெட்டி, நடுவே இது இணைக்கப்படுகின்றது. உள்ளே நுழையும் வளிமம் திடீரெனத் திசைமாற நேர்கின்றது. கனமான துளிகளால் வளைந்து செல்ல இயலாது. அவை தடுப்புத் தகட்டிலோ கம்பி வலையிலோ மோதி ஒட்டிக்கொண்டு, ஒன்றுசேர்ந்து கீழே சொட்டுகின்றன. கலன் பொறியைவிடக் குளிர்ந்திருப்பதால் ஆவியின் ஒரு பகுதியும் நீர்மமாகின்றது.

வெறும் டப்பாவுக்கும் நல்ல கலனுக்கும் உள்ள வேறுபாடு இந்த உள்ளமைப்பில்தான் உள்ளது. தடுப்போ வலையோ இல்லாத கலனில் வளிமம் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் அப்படியே வெளியேறிவிடும். கசிவளியிலுள்ள துளிகளில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை ஏராளம். இவை காற்றோடு ஒட்டி வளைந்து செல்ல வல்லவை என்பதால், நுண்ணிய இழை வடிகட்டி இல்லாத கலன்களில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கிராங்க் அறை எண்ணெய் பிரிப்பான்களின் திறனை அளக்க ஐ.எஸ்.ஓ. 17536 என்னும் சோதனைத் தர வரிசை உண்டு. ஆயினும் தனியாக வாங்கிப் பொருத்தும் கலன்களின் விளம்பரங்களில் அத்தகைய அளவீட்டைவிட, கலனில் சேர்ந்த கரிய நீர்மத்தின் ஒளிப்படமே மிகுதியாகக் காணப்படும்.

கலனில் சேர்வது யாது

கலனைப் பொருத்தும் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மேற்கண்ட ஒளிப்படம்தான். ஆயிரம் மைல் ஓடிய பின் கலனைத் திறந்தால் அரைக் குவளை அளவு பழுப்பு நீர்மம் இருக்கின்றது. இது அனைத்தும் பொறிக்குள் சென்று வால்வில் படிந்திருக்கும் என உரிமையாளர் முடிவு செய்கின்றார். இம்முடிவில் இரு பிழைகள் உள்ளன.

முதலாவது, சேர்ந்தது அனைத்தும் எண்ணெய் அன்று. அந்நீர்மத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஓரிரவு அசையாது வைத்தால் நீர் அடியிலும் எண்ணெய் மேலுமாகப் பிரியும். குளிர்காலத்தில் எடுத்ததாயின் நீரின் பங்கே பெரும்பாலும் மிகுந்திருக்கும். எண்ணெய்ப் பகுதியிலும் பெட்ரோல் கரைந்திருக்கும்; முகர்ந்தாலே தெரியும். நீரும் எண்ணெயும் கடைந்ததுபோல் கலந்து பாலேடு நிறத்தில் இருந்தால் அதனைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. தலைப்பகுதி அடைப்பான் பழுதாகிக் குளிர்விப்பு நீர் எண்ணெயில் கலந்தாலும் இதே நிறம் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் குளிர்விப்பு நீரின் மட்டம் குறையாமல், எண்ணெய் அளக்கும் கோலில் நிறமாற்றம் இல்லாமல், கலனில் மட்டும் இது காணப்பட்டால் அது வெறும் எரிதல் நீரே.

இரண்டாவது, உள்ளெடுப்புக் குழாயை அடையும் எண்ணெய் அனைத்தும் வால்வில் ஒட்டுவதில்லை. அதில் மிகப் பெரும்பகுதி காற்றோடு சிலிண்டருக்குள் சென்று எரிந்துவிடுகின்றது. நீராவியும் பெட்ரோல் ஆவியும் படிவு எதனையும் விட்டுச்செல்வதில்லை. ஆகவே கலனில் சேர்ந்த நீர்மத்தின் அளவு, தவிர்க்கப்பட்ட படிவின் அளவைக் காட்டும் அளவுகோல் ஆகாது.

நகருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் பிக்கப்பில் எண்ணெய் போதிய வெப்பம் அடைவதில்லை. நீர் ஆவியாகி வெளியேற நேரமும் இல்லை. அத்தகைய வண்டியின் கலன் விரைவில் நிறையும். மாறாக, கனமான இழுவண்டியை இழுத்துக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும் வண்டியில் எண்ணெய் நன்கு சூடாகி நீர் நீங்கிவிடும். சிலிண்டரின் அழுத்தம் மிகுதி என்பதால் கசிவளி கூடும். கலனில் சேர்வது குறைவாயினும் அதில் எண்ணெயின் பங்கு உயர்ந்திருக்கும். கலன் மிகுதியாக நிறையும் வண்டியைவிட, குறைவாக நிறையும் வண்டிக்கே அதனால் கூடிய பயன் கிட்டுவது இதனாலேயே.

எந்தப் பிக்கப்புக்குப் பொருந்தும்

முதலில் பார்க்கவேண்டியது எரிபொருள் செலுத்தும் முறை. 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் பிக்கப் வரிசையான ஃபோர்டு எஃப் வரிசையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஃப்-150 வண்டியில் 2011 மாதிரி ஆண்டில் அறிமுகமான 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ பொறி நேரடி உட்செலுத்தலை மட்டும் கொண்டிருந்தது. 2017 மாதிரி ஆண்டில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை நேரடி உட்செலுத்தல், வாயில்வழி உட்செலுத்தல் ஆகிய இரண்டையும் ஒருங்கே பெற்றது. 5.0 லிட்டர் வி-8 பொறி 2011 முதல் 2017 வரை வாயில்வழி முறையில் மட்டும் இருந்து, 2018இல் இரட்டை முறைக்கு மாறியது. 2.7 லிட்டர் எக்கோபூஸ்ட்டும் 2018இல் இரட்டை முறைக்கு வந்தது. ஆகவே ஒரே பெயருடைய வண்டியிலும், ஆண்டும் பொறியும் மாறினால் விடையும் மாறும்.

செவ்ரோலே சில்வராடோவில் 2014 மாதிரி ஆண்டில் வந்த 5.3 லிட்டர் எக்கோடெக்-3 பொறி நேரடி உட்செலுத்தல் மட்டும் உடையது. டொயோட்டா டக்கோமாவின் 3.5 லிட்டர் வி-6 பொறி 2016இல் வந்தபோதே இரட்டை முறையோடு வந்தது. ராம் 1500 வண்டியின் 5.7 லிட்டர் எமி பொறியும், 2007 முதல் 2021 வரை டொயோட்டா டன்ட்ராவில் இருந்த 5.7 லிட்டர் பொறியும் வாயில்வழி முறையைச் சேர்ந்தவை.

வாயில்வழி அல்லது இரட்டை முறைப் பொறியை உடைய அன்றாடப் பிக்கப்புக்கு இக்கலன் பெரும்பாலும் தேவையற்றது. வால்வைக் கழுவும் வேலையைப் பெட்ரோலே செய்துவிடுகின்றது. நேரடி முறை மட்டும் உடைய பொறி, நீண்ட பயணம் அல்லது இழுவை வேலை, வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணம், கலனைத் தவறாது வடிக்கும் பழக்கம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால் கலன் பொருளுள்ள முதலீடு எனலாம். மூன்றாண்டுக் குத்தகையில் எடுத்து ஓட்டப்படும் வண்டிக்கு அதனைப் பொருத்துவது, அடுத்து வரும் உரிமையாளருக்கு அளிக்கும் கொடையே ஆகும்.

டர்போ பொறிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. டர்போ அழுத்தம் கொடுக்கும்போது உள்ளெடுப்புக் குழாயில் வெற்றிடத்திற்கு மாறாக அழுத்தம் நிலவும், பி.சி.வி. பக்கம் அடைபட்டு, கசிவளி முழுவதும் மறுபக்கக் குழாய் வழியாக டர்போவின் முன்வாய்க்குச் செல்லும். பி.சி.வி. பக்கத்தில் மட்டும் பொருத்திய கலன், வண்டி மலையேறும்போது, அதாவது கசிவளி மிகுந்திருக்கும் வேளையில், எதனையும் பிடிப்பதில்லை. இதனால் டர்போ வண்டிகளுக்கு இரு கலன்கள் விற்கப்படுகின்றன.

எஃப்-150 எக்கோபூஸ்ட்டில் இக்கலன் பரவியதற்கு மற்றொரு பின்னணியும் உண்டு. 2011 முதல் 2013 வரையிலான அவ்வகை வண்டிகளில் வேகம் கூட்டும்போது ஆற்றல் திடீரெனக் குறைவதாக எழுந்த முறைப்பாடுகளின் பேரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் விசாரணை தொடங்கியது. ஈரம் மிகுந்த காலநிலையில் இடைக்குளிர்விப்பானில் நீர் ஒடுங்கித் தேங்குவதே பேசப்பட்ட காரணம். டர்போ அழுத்திய வெளிக்காற்றில் உள்ள ஈரத்தைக் கிராங்க் அறைக் குழாயில் உள்ள கலன் தடுக்க இயலாது. எனினும் இச்சிக்கலுக்கும் பிடிகலனே மருந்து எனப் பலர் நம்பினர்.

கலனை விட எளிய வழிகளும் உள்ளன. எண்ணெய் எவ்வளவு ஆவியாகும் என்பதை நோவாக் சோதனை அளக்கின்றது: 250 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் இழக்கும் எடை விழுக்காடு. ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்-6 தரத்தில் இதற்கு உச்ச வரம்பு 15 விழுக்காடு. நல்ல செயற்கை எண்ணெய்கள் பல இதைவிடக் கணிசமாகக் குறைவாக இழக்கின்றன. ஆவியாகாத எண்ணெயைப் பிடிக்கக் கலன் வேண்டியதில்லை. எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுவதும், கோலில் காட்டும் மேல் வரம்பைத் தாண்டி ஊற்றாதிருப்பதும், பழுதான பி.சி.வி. வால்வை மாற்றுவதும் இவ்வகையின. 2007க்குப் பிந்திய சில ஆண்டுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் 5.3 லிட்டர் பொறிகளில் எண்ணெய்ச் செலவு மிகுந்தபோது நிறுவனம் அறிவித்த சீரமைப்புகளுள் ஒன்று, பி.சி.வி. வழியே எண்ணெய் இழுக்கப்படுவதைக் குறைக்கும் வகையில் திருத்திய வால்வு மூடியைப் பொருத்துவது ஆகும். எண்ணெய் கிளம்பும் இடத்திலேயே தடுக்கும் இத்தகைய பிரிப்பான், பிடித்த எண்ணெயைத் தானே பொறிக்குத் திருப்பி அனுப்பிவிடும்; எவரும் நினைவில் வைத்து வடிக்க வேண்டியதில்லை.

குளிரும் உறைதலும்

கலனால் ஏற்படக்கூடிய மிகப் பெரிய கேடு குளிர்நாடுகளில் நிகழ்கின்றது. மினசோட்டா, மிச்சிகன் போன்ற மாநிலங்களிலும் கனடாவின் சமவெளிகளிலும் குளிர்காலத்தில் வெப்பநிலை பல நாட்கள் தொடர்ந்து உறைநிலைக்கு வெகு கீழே நிற்கும். ஆலை வடிவமைப்பில் கசிவளிக் குழாய் குறுகியதாகவும் பொறியின் வெப்பத்தை ஒட்டியும் செல்லும். சில பொறிகளில் குழாயைச் சூடாக்கும் மின்னமைப்பும் உண்டு. பிடிகலனோ பெரும்பாலும் காற்றுப் படும் இடத்தில், நீண்ட குழாய்களின் நடுவே பொருத்தப்படுகின்றது. நீரைப் பிரித்துத் தேக்குவதே அதன் வேலை. தேங்கிய நீர் இரவில் உறைகின்றது. வலையிலும் குழாய் வாயிலும் பனிக்கட்டி படிந்து வழி அடைபடுகின்றது.

வழி அடைபட்டவுடன் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறும். எண்ணெய் அளக்கும் கோல் மேலே தள்ளப்படலாம். அடைப்பான்களில் வலுக்குறைந்தது முதலில் விட்டுக்கொடுக்கும். கிராங்க் தண்டின் பின்முனை அடைப்பான் அவ்வாறு பழுதானால், அதனை மாற்றப் பற்சக்கரப் பெட்டியைக் கீழிறக்க வேண்டும். வால்வுக் கரியை நீக்கும் செலவைவிட இது மிகுதி. எண்ணெய் முழுவதும் வழிந்து, ஓட்டுநர் கவனிக்கத் தவறினால் பொறியே இறுகிவிடும்.

ஆகவே கடுங்குளிர் நிலவும் ஊரில், வெளியே நிறுத்தி, குறுந்தொலைவு மட்டும் ஓட்டப்படும் பிக்கப்புக்குக் கலனைப் பொருத்தாதிருப்பதே நன்று. ஏற்கெனவே பொருத்தியவர்கள் குளிர்காலத்தில் அதனைக் கழற்றி ஆலைக் குழாயை மீண்டும் இணைப்பதுண்டு. வெட்டிய பழைய குழாயை எறிந்துவிடாமல் வைத்திருப்பதன் பயன் அப்போது தெரியும்.

டீசல் வண்டிகளில்

ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற டீசல் பிக்கப்புகளில் பிடிகலன் பரவலாகப் பொருத்தப்படுகின்றது. அங்கு காரணம் வேறு. மாசுக் கட்டுப்பாட்டுக்காக எரிந்த புகையின் ஒரு பகுதி மீண்டும் உள்ளெடுப்புக் குழாய்க்குத் திருப்பி விடப்படுகின்றது. அப்புகையில் உள்ள உலர்ந்த கரித்தூளும், டர்போ வழியாக வரும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து தார் போன்ற குழம்பாகிக் குழாயின் உட்சுவரில் அப்பிக்கொள்கின்றன. எண்ணெய் குறைந்தால் கரித்தூள் ஒட்டுவதும் குறைகின்றது. மான் + ஹும்மல் நிறுவனத்தின் புரோவென்ட் பிரிப்பான் இங்கு பெயர்பெற்றது. மாற்றக்கூடிய இழை வடிகட்டியும், அது அடைபட்டால் திறக்கும் பாதுகாப்பு வால்வும் அதில் உண்டு. பெட்ரோல் வண்டிகளுக்கு விற்கும் மலிவான கலன்களில் இத்தகைய பாதுகாப்பு வால்வு அரிது.

சட்டமும் உத்தரவாதமும்

ஐக்கிய அமெரிக்காவில் பி.சி.வி. மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் உறுப்பு. அதனைக் கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தூய காற்றுச் சட்டம் தடை செய்கின்றது. கசிவளியை மீண்டும் பொறிக்கு அனுப்பாமல் சிறு வடிகட்டி வழியாக வெளியே விடும் திறந்த கலன்கள் சாலை வண்டிகளுக்கு உரியவை அல்ல. பந்தய உலகில் நிலைமை வேறு: அங்கு எண்ணெய் ஓடுதளத்தில் சிந்தாதிருப்பதே நோக்கம். பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதிகள், திறந்த காற்றோட்டம் உடைய வண்டிகளுக்கு, பொறியின் அளவு 2,000 கன சென்டிமீட்டர் வரையாயின் 2 லிட்டரும் அதற்கு மேலாயின் 3 லிட்டரும் குறைந்த அளவாகக் கொண்ட பிடிகலனைக் கோருகின்றன.

கலிபோர்னியா மேலும் கடுமையானது. மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடும் எந்த உதிரிப்பாகத்துக்கும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஆணை எண் தேவை. அவ்வெண் இல்லாத மூடிய கலனும் புகைச் சோதனையின் கண் பார்வைப் பகுதியில் தவறலாம்.

உத்தரவாதம் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டது. 1975ஆம் ஆண்டின் மாக்னுசன்-மாஸ் சட்டத்தின்படி, வேறு நிறுவனத்தின் பாகம் பொருத்தப்பட்டது என்பதை மட்டும் காட்டி உத்தரவாதத்தை மறுக்க இயலாது. பழுதுக்கு அப்பாகமே காரணம் என்று காட்டவேண்டும். ஆனால் உறைந்த கலனால் அடைப்பான் பீறிட்டால், காரணம் காட்டுவது கடினமாக இராது.

பொருத்துதலும் பேணுதலும்

பொருத்துவது ஒரு மணி நேர வேலை. குழாயின் தெரிவிலேயே பிழைகள் மிகுதியாக நிகழ்கின்றன. குளிர்விப்பு நீருக்கான சாதாரண ரப்பர்க் குழாய் எண்ணெய் பட்டு உப்பி, உட்புறம் உரிந்து, சில மாதங்களில் வெற்றிடத்தில் சப்பிவிடும். எண்ணெய்க்கும் எரிபொருள் ஆவிக்கும் ஈடுகொடுக்கும் குழாய் வேண்டும். அதன் உள்விட்டம் ஆலைக் குழாயைவிடக் குறுகலாகவும் கூடாது. கலனை வெப்பம் மிகுந்த வெளியேற்றுக் குழாயின் அருகே வைத்தால் பிடித்த எண்ணெய் மீண்டும் ஆவியாகும். இணைப்பில் காற்றுக் கசிவு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே சென்று, எரிகலவை மெலிந்ததைக் குறிக்கும் பி0171, பி0174 ஆகிய பிழைக் குறியீடுகளோடு எச்சரிக்கை விளக்கு எரியும்.

வடிக்கும் இடைவெளியை நூலில் பார்த்து முடிவு செய்வதைவிட, முதல் சில மாதங்கள் 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பார்த்துத் தீர்மானிப்பது பொருத்தம். கோடையில் எண்ணெய் மாற்றும் நாள் வரை காத்திருக்கும் கலன், குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் நிறையக்கூடும். நிறைந்த கலன் எதனையும் பிடிக்காது என்பதோடு, ஒரு வேகத் திருப்பத்தில் தேங்கியது அனைத்தையும் ஒரே மொத்தமாகப் பொறிக்குள் ஊற்றிவிடவும் கூடும்.

வடித்த நீர்மத்தை மீண்டும் பொறியில் ஊற்றுதல் கூடாது. அதில் நீரும் பெட்ரோலும் அமிலங்களும் உள்ளன. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய புட்டியில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் பெற்றுக்கொள்ளும் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நீரும் பெட்ரோலும் கலந்த எண்ணெயைச் சில நிலையங்கள் ஏற்பதில்லை என்பதால், அதனைத் தூய பழைய எண்ணெயோடு கலக்காமல் தனிப் புட்டியில் வைப்பது வழக்கம்.